இரண்டு மஹபூப் பாஷாக்கள்

ஆம்பூரில் நாங்கள் வேலை பார்த்த தோல் பேக்டரியில், செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்றிருந்த அறை ஒன்றே ஒன்று. அது கம்ப்யூட்டர் ரூம். முதலாளி ஆபித் பாஷாகூட ஷூவை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே போவார். தூசி பட்டால் மெஷின் கெட்டுப்போகும் என்று யாரோ சொல்லிவைத்திருந்தார்கள். ஏ.சி. ஓடிக்கொண்டே இருக்கும். தோல் வாடை எட்டாத இடமும் அதுதான். மத்தியான வெயிலில் ஏதாவது ஒரு காகிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, சந்தேகம் கேட்கப் போவது போல நாங்கள் அங்கே போய் நிற்போம். அந்த அறையில் அக்சா உட்கார்ந்திருப்பாள்.

அவள் 1996-இல் வேலைக்குச் சேர்ந்தாள். கணக்கில் பட்டம் வாங்கிவிட்டு வேலூரில் ஒரு கம்ப்யூட்டர் கோர்ஸும் படித்திருந்தாள். நான் ஏற்றுமதிக் காகிதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கப்பலுக்குப் போகும் சரக்கின் விவரங்களை நான் எழுதிக் கொடுப்பேன், அவள் அடித்துத் தருவாள். அதிகம் பேசமாட்டாள். ஆனால் யாரையும் பேர் சொல்லித்தான் கூப்பிடுவாள். டீ கொண்டு வருகிறவர், கேட்டில் நிற்கிறவர் எல்லோருடைய பேரும் அவளுக்குத் தெரியும். அதற்கு ஒரு காரணம் இருந்தது.

சேர்ந்த சில மாதங்களில் அவளுடைய அம்மா பிரிஸ்கில்லா டீச்சருக்கு வேலூரில் பெரிய ஆபரேஷன் நடந்தது. ரத்தம் வேண்டும் என்றார்கள். அக்சாவுக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லை, அப்பாவும் காலமாகிவிட்டார். விஷயம் முதலாளி காதுக்குப் போனது. அவர் ஷெட்டுக்குள் போய்ச் சொன்னார். வேலை செய்துகொண்டிருந்த ஆட்கள் கை கால் கழுவிக்கொண்டு கம்பெனி வேனில் ஏறி வேலூருக்குப் போய், ரத்தம் கொடுத்துவிட்டு, அன்றைக்கே திரும்பி வந்து மறுபடியும் வேலையில் நின்றார்கள். அம்மா பிழைத்துக்கொண்டார். அக்சா வேலைக்குத் திரும்பியதும் ஷெட்டுக்குப் போய் அவர்களுக்கு நன்றி சொல்ல நினைத்தாள். யார் யார் போனார்கள் என்று சூப்பர்வைசருக்கே தெரியவில்லை. கை தூக்கினவர்கள் எல்லாம் ஏறிவிட்டார்கள், யார் கண்டது என்றார். சிலரைக் கேட்டுப் பார்த்தாள். அவர்களோ சிரித்துக்கொண்டே வேறு ஆளைக் காட்டினார்கள். அது அவள் மனதில் தங்கிவிட்டது. “ரத்தம் குடுத்தவங்க பேர் கூட எனக்குத் தெரியல” என்று என்னிடம் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அடுத்த வருஷம் அடையாள அட்டைக்காக பேக்டரியில் எல்லோருக்கும் ரத்த குரூப் பார்த்தார்கள். அந்தத் தாள்கள் அக்சாவிடம் டைப் அடிக்க வந்தன. அவள் முதலாளியிடம் போய், இதைக் கம்ப்யூட்டரில் தனியாக ஏற்றிவைத்தால் வேலூரில் ரத்தம் தேவைப்படுகிறவர்களுக்கு ஆள் அனுப்பலாமே என்று கேட்டாள். ஆபீஸ் வேலை கெடாமல் செய்துகொள் என்றார் அவர். அப்படித்தான் அது தொடங்கியது. எங்கள் ஆட்களோடு நின்றுவிடவில்லை. பேரணாம்பட்டு, குடியாத்தம், பள்ளிகொண்டா என்று ரத்த தான முகாம் நடந்த ஊர்களிலிருந்தெல்லாம் பேர்கள் வந்து சேர்ந்தன.

முதலில் எல்லாம் ஒரே நீளமான அட்டவணையாக இருந்தது. பேர் ஒரு கோடியில், போன் நம்பர் இன்னொரு கோடியில். திரையோ சின்னது. வலது பக்கம் தள்ளிக்கொண்டே போனால் பேர் மறைந்துவிடும். திரையில் விரலை வைத்து வரிசையைப் பிடித்துக்கொண்டு போவாள், விரல் ஒரு வரி நழுவினால் வேறு யாரோ ஒருவருடைய நம்பர் வந்துவிடும்.

வேலூரிலிருந்து மெஷின் ரிப்பேருக்கு வருகிற ஜோஸ் என்பவரிடம் இதைச் சொன்னாள். அவர் அவள் வயதுக்காரர்தான். திரையை இரண்டு ஜன்னலாகப் பிரித்துவிடலாம் என்று அவர் வழி சொன்னார். இடது பக்கம் பேர்கள் மட்டும் வரிசையாக நிற்கும். வலது பக்கம் ஒரே ஒருவருடைய முழு விவரம் தெரியும். இடது பக்கம் எந்தப் பேரில் கை வைக்கிறோமோ, வலது பக்கம் அவருடைய விவரம் தானாக வந்து நிற்க வேண்டும். அக்சா இரண்டையும் செய்துவிட்டாள். ஆனால் ஒன்றுக்கொன்று பேச்சுவார்த்தை இல்லை. பேரை மாற்றினாலும் வலது பக்கம் முதல் ஆளே உட்கார்ந்திருந்தார். பட்டியலில் ஆள் மாறும்போதெல்லாம் விவரத்துக்கும் சொல்லி அனுப்ப வேண்டும் என்று ஜோஸ் காட்டிக் கொடுத்தார். கூடவே, ஆளுக்கு ஒரு நம்பர் போட்டு, அந்த நம்பரை வைத்துத்தான் இரண்டையும் இணைக்க வேண்டும் என்றார்.

அங்கேதான் அக்சா பிடிவாதம் பிடித்தாள். “ஆளுக்கு எதுக்கு நம்பரு? இது இன்னா ஜெயிலா?” என்றாள். பேரை வைத்தே இணைத்தாள். ஜோஸ் ஒரு முறை சொல்லிப் பார்த்துவிட்டு, அவசரமாக பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டார்.

வேலை நன்றாகத்தான் நடந்தது. இடது பக்கம் ஒரு பேரைத் தொட்டதும் வலது பக்கம் சட்டென்று அவருடைய ஊர், தெரு, கடைசியாக ரத்தம் கொடுத்த தேதி எல்லாம் வந்து நிற்கும். எங்களுக்கு அது வித்தையாக இருந்தது. வேலையில்லாத நேரத்தில் நாங்கள் போய் எங்கள் பேரைத் தொட்டுப் பார்த்துக்கொள்வோம்.

அப்போது வீட்டில் போன் இருந்தவர்கள் கம்மி. பெரும்பாலும் பி.பி. நம்பர்தான், அதாவது பக்கத்து வீட்டிலோ கடையிலோ இருக்கிற போன். அக்சா ரிங் பண்ணினால் முதலில் ஒரு மளிகைக் கடைக்காரரோ, மரக்கடைக்காரரோ எடுப்பார். அவர் தெருவைப் பார்த்துக் குரல் கொடுப்பார். ரிசீவர் மேஜையில் கிடக்கும். சைக்கிள் மணி, பேரம் பேசுவது, பள்ளிவாசல் பாங்கு சத்தம் எல்லாம் அதன் வழியாகக் கேட்கும். ஆள் மூச்சு வாங்க ஓடிவந்து எடுப்பார். இன்றைக்கும் அந்த நாட்களை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது, அக்சா ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு யாரோ ஒருவருக்காகக் காத்திருக்கும் அந்த முகம்தான்.

1999 மழைக்காலம். ஒரு நாள் காலையில் வேலூரிலிருந்து டைட்டஸ் போன் செய்தார். அவர் அங்கே ரத்த வங்கியில் வேலை செய்கிறவர். குரல் மட்டும்தான் எங்களுக்குப் பழக்கம். கலவையிலிருந்து பொன்மலர் என்று ஒரு பெண் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள், நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறது, மத்தியானம் ஆபரேஷன். ஓ நெகட்டிவ் ரத்தம் கையில் இருந்தால்தான் கத்தியை எடுப்பார்கள். ஒரு பாட்டில் கிடைத்துவிட்டது, இன்னொன்று வேண்டும் என்றார்.

அது அபூர்வமான குரூப். அக்சா பட்டியலில் ஓ நெகட்டிவ் மட்டும் வரும்படி செய்தாள். மூன்று பேர் நின்றார்கள். ஒருவர் மெட்ராஸுக்குப் போய்விட்டவர். இன்னொருவர் போன மாதம்தான் கொடுத்திருந்தார். மூன்றாவது பேர் மஹபூப் பாஷா. அதைத் தொட்டாள். வலது பக்கம் மஹபூப் பாஷா வந்தார். பேரணாம்பட்டு, ஒரு மெடிக்கல் ஷாப்பின் பி.பி. நம்பர். உடனே ரிங் பண்ணினாள். அவர் அந்தக் கடைக்குப் பக்கத்தில் பேக்கரி வைத்திருப்பவர். வேலூரில் அவசரம் என்றதும் எந்தக் கேள்வியும் கேட்காமல், பிசைந்த மாவை வேலையாளிடம் விட்டுவிட்டு, குடியாத்தம் வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறிவிட்டார். ஆள் வந்துகொண்டிருக்கிறார் என்று அக்சா டைட்டஸிடம் சொன்னாள். டைட்டஸும் வேறு இடங்களில் தேடுவதை நிறுத்திவிட்டார்.

உச்சிப் பொழுதில் மறுபடியும் போன் வந்தது. எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசியது பேரணாம்பட்டு மஹபூப் பாஷா.

“அம்மா, இங்க ஊசி குத்திப் பார்த்துட்டு எனக்கு பி பாசிட்டிவ்ங்கறாங்க. நீ கூப்ட்டது என்னத்தானா, இல்ல வேற யாரையாவதா?”

அக்சா வலது பக்க ஜன்னலைக் கீழே தள்ளினாள். குரூப் அடியில்தான் இருந்தது. சின்னத் திரையாக இருந்ததால் தள்ளிப் பார்த்தால்தான் தெரியும். காலையில் அவள் நம்பரை மட்டும் பார்த்துவிட்டு விட்டிருந்தாள். பி பாசிட்டிவ் என்றுதான் போட்டிருந்தது. ஆனால் இடது பக்கப் பட்டியலில் ஓ நெகட்டிவின் கீழே மஹபூப் பாஷா அப்படியே நின்றுகொண்டிருந்தார். இரண்டு ஜன்னலிலும் ஒரே பேர், ஆள் வேறு வேறு. பேரைக் கொடுத்துத் தேடச் சொன்னதால், அந்தப் பேரில் முதலில் யார் அகப்பட்டாரோ அவரையே கொண்டுவந்து நிறுத்தியிருந்தது மெஷின்.

அவள் இரண்டு ஜன்னல்களையும் மூடிவிட்டுப் பழைய நீள அட்டவணையைத் திறந்தாள். அடுத்தடுத்த வரிகளில் இரண்டு மஹபூப் பாஷாக்கள். இரண்டாமவருக்கு ஓ நெகட்டிவ். விலாசத்தில் எங்கள் பேக்டரி, பினிஷிங் பிரிவு என்று இருந்தது.

அவள் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. என்னையும் இழுத்துக்கொண்டு பினிஷிங் ஷெட்டுக்குப் போனாள். மஹபூப் பாஷா யார் என்று கேட்டால், அந்தப் பேரில் இங்கே ஆள் இல்லையே என்றார் சூப்பர்வைசர். அக்சாவுக்கு அழுகை வந்துவிட்டது. மெஷின் சத்தத்தில் மறுபடியும் ஒரு முறை பேரைக் கத்தினாள். வண்ணம் தெளிக்கும் மெஷின் பக்கத்தில் நின்றிருந்தவர் முகத்துணியை இறக்கினார்.

“நான்தான்மா. இன்னா விஷயம்?”

அவர் பாபு பாய். வருஷக்கணக்காக எல்லோரும் அவரை பாபு என்றே கூப்பிட்டதில், அவருக்கு இன்னொரு பேர் இருப்பது யாருக்கும் தெரியாது. தினமும் டீ நேரத்தில் அக்சாவைக் கடந்து போகிறவர். சலாம் சொல்கிறவர். ஒரு மனிதருக்காக மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற பேரணாம்பட்டுக்குப் போன் போட்டிருக்கிறோம், அவர் ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் நின்றிருக்கிறார்.

முதலாளி தன் காரையே கொடுத்தார். அக்சாவும் கூடப் போனாள். வழியில் பள்ளிகொண்டா தாண்டும்போதுதான், செருப்பைக் கம்ப்யூட்டர் ரூம் வாசலிலேயே விட்டுவிட்டு வந்தது அவளுக்குத் தெரிந்ததாம்.

ஆபரேஷனைச் சாயங்காலத்துக்குத் தள்ளிவைத்திருந்தார்கள். வாசலில் ஒல்லியாக, கண்ணாடி போட்ட ஒருவர் நின்று இவர்களை உள்ளே அழைத்துப் போனார். பேசிய பிறகுதான் டைட்டஸ் என்று தெரிந்தது. அவர் அக்சாவை ஒரு வார்த்தை குறைசொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும் என்று அவள் பின்னால் சொன்னாள். பொன்மலரின் கணவர் ஒரு பெஞ்சில் குனிந்து உட்கார்ந்திருந்தார். அவர் பக்கம் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

பேரணாம்பட்டு மஹபூப் பாஷா இன்னும் அங்கேயே இருந்தார். அக்சா அவரிடம் போய் மன்னிப்புக் கேட்டாள்.

“அட, பேஜார் பண்ணிக்காதேம்மா. நான் சும்மா உக்காந்து இல்ல. வங்காளத்துலேர்ந்து வந்த ஆளு ஒருத்தருக்கு பி பாசிட்டிவ் வேணும்னாங்க, குடுத்துட்டேன். அந்த இன்னொரு பாஷா எங்க? அவரப் பார்க்கணும்.”

ரத்தம் கொடுத்துவிட்டு வெளியே வந்த பாபு பாயும் அவரும் கையைப் பிடித்துக்கொண்டார்கள். உன் அப்பா யார், எந்தத் தெரு என்று உருதுவில் தொடங்கினார்கள். பிஸ்கட்டோடு கொடுத்த காபி ஆறிப்போகும்வரை அந்தப் பேச்சு முடியவில்லை. சோதனைகள் முடிந்து, இருட்டுவதற்குள் ஆபரேஷன் நடந்தது. பொன்மலருக்குப் பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் நலம் என்ற பிறகுதான் இவர்கள் கிளம்பினார்கள்.

ஆனால் அக்சா உடைந்துபோயிருந்தாள். மறுநாளிலிருந்து அந்தப் பட்டியலைத் திறக்கவே இல்லை. ரத்தம் கேட்டு போன் வந்தால் என்னிடம் கொடுத்துவிடுவாள். நான் தெரிந்த நாலு பேரைக் கேட்டுவிட்டு இல்லை என்று சொல்வேன். எல்லாவற்றையும் அழித்துவிடப் போவதாக முதலாளியிடம் சொன்னாளாம்.

அந்த வெள்ளிக்கிழமை பேரணாம்பட்டு மஹபூப் பாஷா பேக்டரிக்கு வந்தார். கையில் ஒரு பெட்டி நிறைய பன். பாபு பாயைப் பார்க்கத்தான் வந்தேன் என்றார். பார்த்த பிறகு கம்ப்யூட்டர் ரூமுக்கு வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்தார். தன் பேர் எப்படி இருக்கிறது, காட்டு என்றார். அக்சா வேண்டாவெறுப்பாகத் திறந்து காட்டினாள். தப்பு எப்படி நடந்தது என்பதையும் சொன்னாள். நம்பர் போடச் சொன்னபோது தான் கேட்கவில்லை, மனிதர்களுக்கு நம்பர் போட மனம் வரவில்லை என்றாள்.

அவர் திரையில் தன் பேரைத் தொட்டார். பிறகு சொன்னார்: “எனக்கு ஒண்ணு போடு, அவருக்கு ஒண்ணு போடு. நம்பர் போட்டா நான் கொறஞ்சிட மாட்டேன். என்னக் கூப்ட்டா நான்தான் வரணும், அதாம்மா மரியாத.”

அவர் போன பிறகு அக்சா ஜோஸுக்குப் போன் பண்ணினாள். மறுநாளே அவர் வந்தார். நான் அப்பவே சொன்னேனே என்று அவர் சொல்லாததற்காக அவருக்கு இரண்டு பன் கொடுத்தோம். ஆளுக்கு ஒரு நம்பர் போட்டு, அந்த நம்பரால் பட்டியலையும் விவரத்தையும் இணைத்தார்கள். பட்டியலில் எந்த வரியில் நின்றாலும், அந்த நம்பருக்குரிய ஆள் மட்டுமே வலது பக்கம் வருவார். குரூப்பை மேலே பேருக்குப் பக்கத்தில் பெரிய எழுத்தில் வைத்தாள். கடைசியில் ஜோஸ் ஒரு காரியம் செய்தார். பட்டியலில் நம்பர் இருக்கிற பத்தியின் அகலத்தைப் பூஜ்யமாக்கினார். நம்பர் உள்ளே இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. மெஷின் நம்பரைப் பார்த்துக்கொள்ளும், அக்சா பேரைப் பார்த்தால் போதும். அதைப் பார்த்ததும் அவள் சிரித்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு.

அவளாக ஒன்றைச் சேர்த்தாள். விவரத்தில் ‘கூப்பிடுற பேர்’ என்று ஒரு கட்டம். அதை நிரப்ப ஷெட் ஷெட்டாகப் போனாள். குள்ள மோசஸ், கண்ணாடி ரஃபி, பாடகர், மேஸ்திரி, வெள்ளைச் சட்டை என்று வந்துகொண்டே இருந்தது. சிலர் வெட்கப்பட்டார்கள். ஒருவருக்குத் தன்னை எல்லோரும் அப்படிக் கூப்பிடுவது அன்றைக்குத்தான் தெரிந்தது, இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. அப்படிப் போனபோதுதான், பிரிஸ்கில்லா டீச்சருக்கு ரத்தம் கொடுத்தவர்களில் சிலர் யார் என்பதும் பேச்சுவாக்கில் வெளியே வந்தது. அக்சா அவர்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு அழைத்துச் சாப்பாடு போட்டாள். டீச்சர் தன் கையால் பரிமாறினார்.

டைட்டஸின் போன்கள் கொஞ்சம் நீள ஆரம்பித்தன. ரத்தம் வேண்டாத நாளிலும் போன் வந்தது. 2002-இல் அவர்களுக்குக் கல்யாணம் நடந்தது. சர்ச்சுக்குள் முன்வரிசையில் இரண்டு மஹபூப் பாஷாக்களும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். கேக் பேரணாம்பட்டிலிருந்து வந்தது. அவள் வேலூரில் குடியேறி, தினமும் பஸ்ஸில் ஆம்பூருக்கு வந்து போனாள்.

பிறகு எல்லோர் கையிலும் செல்போன் வந்தது. விவரத்தில் பி.பி. நம்பர்கள் ஒவ்வொன்றாக அழிந்து, பத்து இலக்க நம்பர்கள் ஏறின. வேலை சுலபமானது. ரிங் பண்ணினால் ஆளே நேராக எடுத்தார். ஆனால் அக்சா குறைப்பட்டுக்கொண்டாள். முன்னே ஒரு ஆளைக் கூப்பிட்டால் தெருவுக்கே விஷயம் தெரியும், அவர் இல்லாவிட்டாலும் நான் வரட்டுமா என்று வேறு யாராவது கேட்பார்கள். பேரணாம்பட்டு மெடிக்கல் ஷாப்காரர் அப்படிச் சேர்ந்தவர்தான். இப்போது எடுக்காவிட்டால் எடுக்காததுதான் என்பாள்.

2008-இல் வெளிநாட்டு ஆர்டர்கள் குறைந்தன. அடுத்த வருஷம் பேக்டரியை மூடினார்கள். ஆபித் பாஷா ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். அக்சாவிடம், அந்தக் கம்ப்யூட்டரை நீயே எடுத்துக்கொள் என்றார். மெஷின் ரொம்பக் கிழமாகிவிட்டிருந்தது. அவள் பட்டியலை மட்டும் ஒரு சி.டி.யில் பிரதி எடுத்துக்கொண்டாள். கடைசி நாளில் நாங்கள் செருப்போடுதான் அந்த அறைக்குள் போனோம். யாரும் தடுக்கவில்லை. எனக்குத்தான் என்னவோ போல இருந்தது.

வேலூரில் காலேஜ் பெண்கள் சிலர் சேர்ந்து ரத்த தானக் குழு ஒன்று வைத்திருந்தார்கள். அக்சா தன் பட்டியலை அவர்களிடம் ஒப்படைத்தாள். உமைமா என்ற பெண் அதைப் புதிய மெஷினில் ஏற்றிக்கொண்டாள். ‘கூப்பிடுற பேர்’ கட்டம் வேண்டுமா, எடுத்துவிடலாமா என்று அவள் கேட்டபோது, அது மட்டும் இருக்கட்டும் என்று அக்சா கேட்டுக்கொண்டாள். ஒரு மாதம் அவளோடு உட்கார்ந்து எல்லாவற்றையும் காட்டினாள். ஒரு நாள் போன் அடித்தது. அக்சா கையை நீட்டுவதற்குள் உமைமா எடுத்துவிட்டாள். பேரைத் தொட்டாள், விவரத்தைப் பார்த்தாள், குரூப்பை வாய்விட்டு ஒரு முறை படித்தாள், அப்புறம்தான் ரிங் பண்ணினாள். அக்சா பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினாள்.

கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவளும் டைட்டஸும் எங்கேயும் போய்த் தங்கியதில்லை. யாராவது ஒருவர் போன் பக்கத்தில் இருந்தாக வேண்டும். அந்த மாதக் கடைசியில் ஏலகிரிக்குப் போனார்கள். மலைமேல் பல இடங்களில் செல்போனுக்கு சிக்னல் கிடைக்கவில்லையாம். முதல் நாள் முழுக்க அவள் போனை எடுத்து எடுத்துப் பார்த்திருக்கிறாள். இரண்டாம் நாள் அதை அறையிலேயே வைத்துவிட்டு இருவரும் நடந்து போயிருக்கிறார்கள். பலாப்பழம் விற்கிற ஒரு அம்மாவிடம் சுளை வாங்கித் தின்றுகொண்டு, ஏரிக்கரையில் மத்தியானம் வரை சும்மா உட்கார்ந்திருந்தோம் என்று வந்ததும் என்னிடம் சொன்னாள். எப்படி இருந்தது என்று கேட்டேன். குளிர் கொஞ்சம் ஜாஸ்தி, மற்றபடி நல்லா இருந்தது என்றாள்.